மறுபடியும் வருகிறவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். தமிழக எல்லையை ஒட்டிய பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து வீடுகளில் நான் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "காசைக் கொட்டி ஒருமுறை குடி மீட்பு மையத்தில் சேர்த்தோம். மூன்றே மாதத்தில் மறுபடி குடித்துவிட்டார். இனி எதற்கு?"

சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவதாக அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் சொல்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து சாப்பிடுவோரிடமும் நோய் ஏறக்குறைய இதே அளவில் திரும்புகிறது. அவர்களை யாரும் ஏசுவதில்லை. குடிநோயாளிக்கு மட்டும் வசவு.

என் கவலை திரும்பி வருகிறவரைப் பற்றியதல்ல, சிகிச்சைக்கே வராதவரைப் பற்றியது. 2019இல் வெளியான இந்தியத் தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். அப்படியிருக்க, இரண்டாம் முறை படியேறுகிறவரைப் பார்த்து முகம் சுளிப்பது என்ன நியாயம்?

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேரள அரசின் விமுக்தி என்ற போதை ஒழிப்புத் திட்டத்தில் மாவட்டத்துக்கொரு மீட்பு மையம் இருக்கிறது. பாலக்காட்டுக்கானது அட்டப்பாடி கோட்டத்தறையில். சித்தூர்க்காரர் அங்கே போக மண்ணார்க்காடு மலைப்பாதையில் ஏற வேண்டும். இல்லையென்றால் கோயம்புத்தூர், ஆனைக்கட்டி வழியாகச் சுற்ற வேண்டும். கோயம்புத்தூர் வரை போகிறவர் அங்கேயே சேர்ந்துவிடுகிறார். அடுத்த முறை, தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று வேறோர் ஊர். ஒவ்வோர் ஏட்டிலும் அவர் புது நோயாளி. யார் எத்தனை முறை வந்தார்கள் என்ற கணக்கு இங்கே எப்படித் தேறும்?

கணக்கு போகட்டும், உயிருக்கே ஆபத்து இருக்கிறது. நாள்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் சிலருக்கு வலிப்பு வரும், சித்தம் கலங்கும். ஒருமுறை வந்தவருக்கு மறுமுறையும் வர வாய்ப்பு அதிகம். "இதுதான் முதல் தடவை" என்று கவுரவத்துக்காகச் சொன்னால் மருத்துவர் எதை வைத்து மருந்தின் அளவைத் தீர்மானிப்பார்?

ஆகவே பழைய டிஸ்சார்ஜ் சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள். எந்த மொழியில் இருந்தாலும் கொண்டுபோங்கள். தொலைந்திருந்தால், சென்ற முறை வலிப்பு வந்ததா, என்ன மாத்திரை, எத்தனை நாள் குடிக்காமல் இருந்தார் என்பதை உடன் போகிறவர் சொல்லலாம். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய இலவச எண்ணை அழைக்கலாம். விமுக்தியின் எண் 14405.