ரிட்டயர் ஆனப்புறம் எழுதலாம் என்பவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம். எழுத ஆசை, ஆனால் வேலைக்கும் போயாக வேண்டும் என்கிறவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்வது, ‘ரிட்டயர் ஆனப்புறம் நிம்மதியா உட்கார்ந்து எழுதுவேன் சார்.’ தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வேலையிடத்தில் காதில் விழுகிற பேச்சு, அங்கே நடக்கிற சண்டை, ஒருவர் லீவு கேட்டு நிற்கிற விதம், இதெல்லாம் இன்றைக்கு உயிரோடு இருக்கிறது. பல வருஷம் கழித்து யாருக்கு ஞாபகம் இருக்கும்?

ஆ. மாதவனைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெரு என்று ஒன்று இருக்கிறது, கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில், தமிழும் மலையாளமும் கலந்து கேட்கிற நெரிசலான சந்தை, போனவர்களுக்குத் தெரியும். அங்கே கடை வைத்திருந்தவர் அவர். சுமை தூக்குகிறவர்கள், சில்லறைத் திருட்டில் பிழைக்கிறவர்கள், தெருவிலேயே படுத்து எழுகிறவர்கள் என்று கடையிலிருந்து அவர் பார்த்த மனிதர்கள்தான் அவருடைய கதைகளிலும் நடமாடுகிறார்கள். கடையை மூடிவிட்டு ஏதாவது மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்திருந்தால் அந்தக் கதைகள் கிடைத்திருக்குமா? இதை எத்தனை தடவை கேட்டாலும் எனக்குச் சலிக்காது. மலையடிவாரத்தில் யார் வந்து அவரிடம் பேரம் பேசியிருப்பார்கள்? 2015-ல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவருக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.

அவர் மட்டுமா? வண்ணதாசன் வங்கியில் இருந்தார், பூமணி கூட்டுறவுத் துறையில், சுஜாதா பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில், தி. ஜானகிராமன் அகில இந்திய வானொலியில்.

சரி, நேரத்துக்கு எங்கே போவது என்பீர்கள். தினமும் அரை மணி, அதே இடம், அதே நேரம். வேலையில் கேட்ட ஒரு வாக்கியத்தை அன்றைக்கே நோட்டில் எழுதிவிடுங்கள், அது கதையாகாவிட்டாலும் பரவாயில்லை, அன்றைக்கே எழுதுங்கள். ஆபீசிலிருந்து வந்து நேராக அடுப்படிக்குள் போகிற பெண்களுக்கு அந்த அரை மணி தானாகக் கிடைக்காது. வீட்டு ஆண்கள் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், இரவுச் சமையலையும் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் எழுதட்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பிரசுரம் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், இரண்டு மட்டும். அரசு வேலையில் இருப்பவர்கள் புத்தகம் போடுவதற்கு முன் உங்கள் துறையின் நடத்தை விதிகளைப் படித்துவிடுங்கள். அப்புறம், உடன் வேலை பார்ப்பவர்களைக் கதையில் கொண்டுவரும்போது பெயர், ஊர், அடையாளம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், நாளைக்கும் அவர்களோடுதான் டீ குடிக்கப் போகிறீர்கள். வணக்கம்.