கொழுந்துக்குள் ஒரு கல்

வணக்கம் நேயர்களே. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகிற அவசரத்திலும் வானொலியை அணைக்காமல் வைத்திருப்பவர்களுக்குத் தனி வணக்கம்.

பாவம் செய்கிறவன் ஒருவன், அடிபடுகிறவன் இன்னொருவனா? ஞாயிறு பாடசாலையில் பிள்ளைகள் என்னை விடாமல் கேட்கிற கேள்வி இது. பதிலுக்கு முன்னால் அம்மா சொன்ன கதை ஒன்று இருக்கிறது.

அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்த தோட்டத்தில் ஒரு நாள் அந்தி நிறுவை. எல்லோர் கொழுந்தையும் நிறுத்து, படங்கு விரிப்பில் ஒன்றாகக் கொட்டிக் கிளறினால், நடுவில் ஒரு கல். ஆற்றுக்கல், ஒரு பக்கம் பாசி கூடக் காயவில்லை. எடை கூட்ட யார் போட்டது? கணக்கப்பிள்ளை கேட்கிறார், ஒருத்தரும் தலை நிமிரவில்லை. மறுநாளிலிருந்து நிறுவையில் ஆளுக்கு 2 கிலோ கழிவு. அம்மா சொல்லச் சொல்ல அந்தக் கல் வளரும். கடைசியில் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. கழிவு மட்டும் என்றைக்கும் 2 கிலோதான். வயிற்றுப் பிள்ளைக்காரியும் அந்த 2 கிலோவைச் சேர்த்துத்தான் பறித்தாளாம்.

பைபிளில் யோசுவா 7ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கொழுந்து நிறுக்கிற அந்த மடுவம்தான் ஞாபகம் வரும். இஸ்ரவேலர் பிடித்த எரிகோ பட்டணத்தில் எதையும் தனக்கென்று எடுக்கக்கூடாது என்பது கட்டளை. ஆகான் என்கிற இஸ்ரவேலன் ஒரு பாபிலோனிய சால்வை, சேக்கல் என்ற அந்தக் கால எடையில் 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் பொன் எடுத்துக் கூடாரத்துக்குள் புதைத்தான். அப்புறம் ஆயி பட்டணத்துச் சண்டையில் செத்த 36 பேரும் அந்தச் சால்வையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒளித்தவன் ஒருவன்; கழிவு ஊருக்கு.

ஆனால் கணக்கைத் தலைகீழாகப் போடாதீர்கள். இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். 2014 அக்டோபர் 29 காலை நம் இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. ‘என்ன பாவம் செய்தார்களோ’ என்று சிலர் பெருமூச்சு விட்டதை என் காதாலேயே கேட்டேன். எருசலேமில் சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும் இதே பேச்சுத்தான். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று இயேசுவே சொன்னார், லூக்கா 13இல். மீரியபெத்தையில் மண் சரியும் என்று எச்சரிக்கை முன்னமே இருந்தது. பாவத்தைத் தேடுவதானால் லயத்துக்குள் தேடாதீர்கள். அந்த எச்சரிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தவர்களிடம் தேடுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தானாம். தீர்ப்பைப் பற்றித்தான் அதிகம் பேச வந்தேன், சரி. பிதாக்கள் புளித்த திராட்சை தின்றால் பிள்ளைகளின் பல் கூசும் என்று இஸ்ரவேலர் பழமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை இனிச் சொல்லக்கூடாது என்கிறார் கடவுள், எசேக்கியேல் 18இல். தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. விளைவு பிள்ளைகள்வரை போகும். தீர்ப்பில் அவனவன் கணக்கு அவனவனுக்கு.

‘அப்படியென்றால் ஆகானின் மகன்களையும் மகள்களையும் ஏன் தண்டிக்க ஆகோர் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார்கள், சார்?’ என்று போன வாரம் ஒரு சிறுமி கேட்டாள். யோசுவா 7, எசேக்கியேல் 18 இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லி அனுப்பினேன். நானும் இன்னும் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வணக்கம்.