அலைவரிசைப் பஞ்சமும் அரசின் உரிமமும்

நேயர்களுக்கு வணக்கம்.

பத்திரிகை தொடங்க அரசிடம் உரிமம் கேட்பதைப் பேச்சுரிமைக்கு இழுக்கு என்று கருதும் நாடுகளில்கூட, வானொலி நிலையம் தொடங்க உரிமம் பெற்றே ஆக வேண்டும். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அமெரிக்காவில் 1926-ஆம் ஆண்டு நேர்ந்த குழப்பம் நன்றாகக் காட்டுகிறது.

அந்நாட்டின் 1912-ஆம் ஆண்டுச் சட்டப்படி வணிகத்துறை அமைச்சர் உரிமங்களை வழங்கிவந்தார். ஒதுக்கிய அலைவரிசையை மீறும் நிலையத்தைத் தண்டிக்க அந்தச் சட்டத்தில் இடமில்லை என்று 1926-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவுதான், நிலையங்கள் விரும்பிய அலைவரிசைக்குத் தாவின, பக்கத்து நிலையத்தை அமுக்கத் தங்கள் ஒலிபரப்புத் திறனைக் கூட்டின. பெட்டியைத் திருகியவர்களுக்கு ஒரு நிலையத்தின் பாட்டின்மீது இன்னொரு நிலையத்தின் பேச்சும், நடுவே சீழ்க்கையொலியும் கேட்டன. 1927 பிப்ரவரியில் புதிய சட்டம் வந்தது. அலைவரிசை எவருக்கும் சொந்தமன்று, உரிமம் மூன்றாண்டுகளுக்கு மேல் செல்லாது, பொதுநலனே அளவுகோல் என்று அது வகுத்தது; அதே சட்டம் தணிக்கையையும் தடை செய்தது.

ஆனால் பொதுநலன் என்பது இழுத்த இழுப்புக்கு வரும் அளவுகோல். வண்டிகள் மோதாமல் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்ட காவலர், உள்ளே இருப்பவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று காதுகொடுக்கத் தொடங்கியதைப் போல, அலைவரிசைப் பங்கீட்டுக்காக வந்த அதிகாரம் மெல்ல உள்ளடக்கத்துக்கும் நீண்டது. வானொலியில் தாக்கிப் பேசப்பட்டவருக்கு அதே நிலையம் பதிலுரைக்க நேரம் தர வேண்டும் என்ற விதியை 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. அலைவரிசைகள் குறைவு என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம். ஐந்தே ஆண்டுகளில், பத்திரிகைகளுக்கு அதே கடமையை விதித்த ஒரு மாநிலச் சட்டத்தை அதே நீதிமன்றம் செல்லாது என்றது. முந்தைய தீர்ப்பை அது குறிப்பிடக்கூட இல்லை என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 1995-இல் வானலைகள் பொதுச்சொத்து என்று அறிவித்ததோடு, அவற்றை ஒழுங்குபடுத்தத் தன்னாட்சியுள்ள பொது அமைப்பு வேண்டும் என்றும் கூறியது. பொதுச்சொத்து வேறு, அரசின் சொத்து வேறு என்ற இந்தத் தெளிவு, ஒலிபரப்பு முழுவதையும் அரசே வைத்துக்கொண்டிருந்த பல நாடுகளுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை.

இனி வரும் காலத்தில் சிக்கல் வேறு. இணையத்தில் ஒருவர் பேசுவதால் மற்றவரின் குரல் அமுங்குவதில்லை. அப்படியிருந்தும் ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் காணொளிப் பகிர்வுத் தளங்களையும், கனடா 2023-இல் இணையவழி ஒளிபரப்புச் சேவைகளையும் ஒலிபரப்புச் சட்டங்களின் வரம்புக்குள் கொண்டுவந்தன. குழந்தைகளின் பாதுகாப்பு, உள்நாட்டுப் படைப்புகளுக்கு ஆதரவு என்று இவற்றுக்குத் தனித்தனிக் காரணங்கள் உண்டு. அவற்றை அவற்றின் தகுதியில் விவாதிக்கலாம். ஆனால் பற்றாக்குறையைக் காட்டி வாங்கிய உரிம அதிகாரத்தை, பற்றாக்குறையே இல்லாத இடத்துக்கு அப்படியே நீட்டுவதை நான் ஏற்கவில்லை. அங்கே கேட்க வேண்டியது வேறு: தளத்தின் உரிமையாளர் யார், எதை முன்னே காட்டுவது என்பதை எந்த விதிகொண்டு முடிவுசெய்கிறார், அவரைக் கேள்வி கேட்கும் ஆணையத்தின் உறுப்பினர்களை நியமிப்பவரும் நீக்கக்கூடியவரும் யார்?

பழைய அலைவரிசைகளிலும் அரசுக்கு ஒரு கடமை மீதி இருக்கிறது. தொலைக்காட்சிக்கு ஒதுக்கியிருந்த அலைக்கற்றையின் ஒரு பகுதி பல நாடுகளில் கைப்பேசிச் சேவைக்கு மாற்றப்பட்டுவிட்டது. புயலில் கைப்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தாலும், தொலைவிலுள்ள ஒரே ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து வரும் எச்சரிக்கையை மின்கலத்தில் இயங்கும் சிறு பெட்டியில் கேட்டுவிட முடியும். அதற்கான அலைவரிசையை எந்த ஏலத்திலும் விற்காமல் ஒதுக்கிவைக்க வேண்டும்.