போர்வெல்லை மூடுவதற்கு முன்னால்

(பெங்களூரு அல்சூரில் தமிழ்க் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் தெருமுனை மினி டேங்கில் "குடிக்க உகந்ததல்ல" என்று சிவப்பு பெயின்ட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு, எப்போதிலிருந்து? ஒரு வார்த்தை இல்லை. போர்வெல்லை மூடிவிடலாமா, மருந்து போட்டு ஓட்டலாமா என்று மேலே பேசிக்கொண்டிருக்கிறார்களாம். குடிக்கிறவர்கள் நாம். நம்மை வைத்துக்கொண்டுதான் அதைப் பேச வேண்டும்.

மூடு என்று சொல்வது சுலபம். காவேரித் தண்ணீர் தொரேகாடனஹள்ளியிலிருந்து நூறு கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி இந்த ஊருக்கு வருகிறது. 2024 அக்டோபரில் காவேரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டமும் தொடங்கியாயிற்று. அப்படியும் குழாயில் வருவது போதாமல் போர் தண்ணீரை நம்பியிருக்கும் தெருக்கள் எத்தனை! போர்வெல்லை மூடினால் மறுநாள் டேங்கர் வரும். அந்த டேங்கர் எங்கே நிரம்புகிறது? பெரும்பாலும் இன்னொரு போர்வெல்லில்தான். அதை யார் சோதித்தார்கள்? தெரிந்த கெடுதலை விட்டுத் தெரியாத கெடுதலைக் காசு கொடுத்து வாங்கிய கதையாகிவிடும்.

அதனால் முதலில் கேட்க வேண்டியது, கெடுதல் எந்த வகை என்பதுதான். சாக்கடைக் கிருமி என்றால் வழி இருக்கிறது. டேங்கில் அளவாகக் குளோரின் போட வேண்டும், வீட்டில் கொதிக்க வைக்க வேண்டும். குளோரின் இருக்கிறதா என்பதை நீங்களே பார்க்கலாம். சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனை மருந்தில் சில சொட்டு விட்டால் இளமஞ்சளாக மாற வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரவிதி. நிறமே மாறாவிட்டால் அன்றைக்கு மருந்து போடவில்லை, அல்லது போட்டது போதவில்லை என்று பொருள்.

நைட்ரேட் என்றால் கதையே வேறு. கழிவுநீர் பல வருடமாக மண்ணில் ஊறி இறங்குகிற இடத்தில் அது சேரும். நிறம் இல்லை, வாடை இல்லை. லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் தளர்வும் கிடையாது. குளோரின் அதை ஒன்றும் செய்யாது. தாய்மார்கள் இதைக் கவனித்துக் கேளுங்கள்: கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே நிற்கும். கொதிக்கக் கொதிக்கக் கூடுதலாகும். அந்தத் தண்ணீரில் புட்டிப்பால் கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு தாய் கொதிக்க வைப்பாள். அவளிடம் "உகந்ததல்ல" என்று மட்டும் சொன்னால் போதுமா?

இன்னொன்று. பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை முக்கி, "இருநூறுதான் காட்டுது, நல்ல தண்ணி" என்கிறார்கள். கரைந்த உப்பு மொத்தத்தில் எவ்வளவு என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கிருமியைக் காட்டாது, நைட்ரேட்டைத் தனியாகக் காட்டாது. நம் ஊர்த் தொழிற்பேட்டையான பீன்யா பக்கத்து நிலத்தடி நீரில் முலாம் பூசும் பட்டறைகளால் சேர்ந்த குரோமியத்தையும் காட்டாது.

சரி, மறைத்தால் என்ன ஆகும்? கனடாவில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர், ஏறக்குறைய 5,000 பேர். 2000 மே மாதம் அடைமழையில் மாட்டுச் சாணத்தின் ஈ.கோலை கிருமி ஊர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. 17-ஆம் தேதியே ஆய்வுக்கூடம் நீர் நிர்வாகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டது. சுகாதாரத் துறை கேட்டபோது, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் வந்தது. குளோரினைச் சோதிக்காமலே பதிவேட்டில் எண்ணை எழுதும் வழக்கமும் அங்கே இருந்திருக்கிறது. 21-ஆம் தேதி சுகாதாரத் துறை தானாகவே கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவித்தது. ஏழு பேர் செத்தார்கள், 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 19-ஆம் தேதி உண்மையைச் சொல்லியிருந்தாலே 300 முதல் 400 பேர் தப்பியிருப்பார்கள் என்று விசாரணை ஆணையம் சொன்னது. இரண்டு நாள் மௌனத்தின் விலை அது.

நாம் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. சோதனை முடிவு வந்த அன்றே, எது எவ்வளவு என்று எண்ணோடு, கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் டேங்கிலேயே ஒட்ட வேண்டும். கொதிக்க வைக்கலாமா கூடாதா என்று அதிலேயே சொல்ல வேண்டும். போர்வெல்லை நிறுத்துவதாக இருந்தால், சோதித்த தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகு நிறுத்த வேண்டும். அது வரைக்கும் துணி துவைக்க, கழுவ அந்தத் தண்ணீர் இருக்கட்டும். அப்புறம், பக்கத்தில் ஒழுகுகிற பாதாளச் சாக்கடையையும், போர்வெல்லுக்குள் இறக்கியிருக்கும் உறைக்குழாயான கேசிங் பைப்பைச் சுற்றியுள்ள இடைவெளியையும் அடைக்காமல் விட்டால், நம் ஊர்ப் பாறை வெடிப்புகள் வழியாக அடுத்த தெரு போர்வெல்லும் கெடும். அதையும் சேர்த்தே மனுவில் எழுதியிருக்கிறோம்.

வார்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனு வாசல் மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். கைக்குழந்தை இருக்கிற வீட்டார் போவதற்கு முன்னால் என்னை ஒரு நிமிடம் பாருங்கள், புட்டிப்பாலுக்கு இப்போதைக்கு எந்தத் தண்ணீர் என்று பேசிக்கொள்ளலாம்.