நோட்டீஸ் கொடுக்காமல் நின்றால் கிராஜுவிட்டி கிடையாதா?

அடுத்த கேள்வி திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. பனியன் கம்பெனியில் 7 வருடம் 8 மாதம் செக்கிங் வேலை பார்த்திருக்கிறார். மாமியாருக்கு உடம்புக்கு முடியாமல் போகவே திடீரென்று நின்றுவிட்டார். கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டு நிற்கும்போது பார்த்த வருடங்களுக்காகக் கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை கேட்டால், "ஒரு மாத நோட்டீஸ் கொடுக்கவில்லை, அதனால் கிடையாது" என்கிறார்களாம்.

அப்படி மறுக்க முடியாதும்மா. வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம், கம்பெனிக்கு நஷ்டம் உண்டாக்கியது என்று சில காரணங்களுக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்குத்தான் கிராஜுவிட்டியைப் பிடிக்கலாம். உங்களை யாரும் நீக்கவில்லையே, நீங்களாக நின்றவர். நோட்டீஸ் கொடுக்காததற்காக நீங்கள் கம்பெனிக்குத் தர வேண்டிய சம்பளம் பாக்கி என்றால் அது தனிக் கணக்கு. நோட்டீஸைக் காட்டி மறுக்கும் மேனேஜர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. மீதிப்பேர் தெரிந்தேதான் சொல்கிறார்கள்.

சரி, எவ்வளவு வரும்? பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து கடைசியாக 13,000 வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 7,500. ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாக எடுக்க வேண்டும் என்பதால் உங்களுக்கு 8 வருடம். ஆக, 60,000 ரூபாய். ஒரு மாதச் சம்பளத்துக்காக விட்டுக்கொடுக்கிற தொகையா இது?

முதலில் கம்பெனிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். நேரில் வாங்க மறுத்தால் சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். தரவில்லை என்றால் தொழிலாளர் துறையின் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு போடலாம். தாமதத்துக்கு வட்டியும் சேரும்.

எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்பதற்கு சாட்சியாக பிஎஃப் பாஸ்புக் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சில இடங்களில் சேர்ந்து ரெண்டு வருடம் கழித்துத்தான் பிஎஃப் பிடிக்க ஆரம்பிப்பார்கள். உங்களுக்கும் அப்படியென்றால், முதல் சம்பளம் ஏறிய வங்கிப் பாஸ்புக், பழைய ஈஎஸ்ஐ அட்டை, போனஸ் கவர், எது கையில் கிடைத்தாலும் எடுத்து வையுங்கள்.

அப்புறம், கடைசி மாதச் சம்பளத்தைத் தர ஒரு தாளில் கையெழுத்து கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். "சேர வேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன்" என்றிருந்தால், அதன் பக்கத்திலேயே "கிராஜுவிட்டி நீங்கலாக" என்று உங்கள் கைப்பட எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.