விலைச்சீட்டில் ஆட்டுக்காரர் எங்கே?

தலைவர் அவர்களே, என் பேச்சில் பாதியை வரவேற்புரையிலேயே பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, எழுந்து போக வசதியாகக் கதவோரம் அமர்ந்திருக்கும் இளைஞர்களே, வணக்கம்.

காஷ்மீர் கம்பளியைப் பற்றி ஆடு, வியாபாரம், மேய்ச்சல் நிலம் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்.

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது. லடாக்கின் சாங்தாங்கில், 4,000 மீட்டருக்கும் மேலே ஆடு மேய்க்கும் சாங்பா மக்களுக்கும் இதே கணக்குதான். கடுங்குளிரைத் தாங்க ஆட்டின் முரட்டு முடிக்கு அடியில் மெல்லிய முடி வளர்கிறது; அதுதான் காஷ்மீர் கம்பளி. குளிர்காலம் போனதும் அதைச் சீப்பால் வாரி எடுக்கிறார்கள். ஓர் ஆட்டில் வருஷத்துக்குக் கால் கிலோ கிடைத்தால் பெரிது. அழுக்கையும் முரட்டு முடியையும் பிரித்தால் அதிலும் பாதி போய்விடும்.

இந்த ஆட்டுக்காக வெள்ளைக்காரர்கள் பட்ட பாடு இருக்கிறதே! கிழக்கிந்தியக் கம்பெனியின் கால்நடை மருத்துவர் மூர்கிராஃப்ட், 1812-இல் இந்துச் சாமியார் வேஷம் போட்டுத் திபெத்துக்குப் போனார். ஏறக்குறைய 50 ஆடுகளை வாங்கினார். மலையிறக்கி, கல்கத்தாவுக்கு ஓட்டி, சீமைக்கு அனுப்பியாயிற்று. அனுப்பிய புத்திசாலிகள் கிடாக்களை ஒரு கப்பலிலும் பெட்டை ஆடுகளை இன்னொரு கப்பலிலும் ஏற்றினார்களாம். பெட்டைகள் போன கப்பல் மூழ்கிவிட்டது! கிடாக்களை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்புறம், காஷ்மீரை ராஜா குலாப் சிங்குக்குக் கொடுத்த 1846 அமிர்தசரஸ் உடன்படிக்கையில் அவரிடம் ஆண்டுக் கப்பமாகவே எழுதி வாங்கினார்கள்: ஒரு குதிரை, 12 ஆடுகள், மூன்று ஜோடி சால்வைகள். இந்த முறை மறக்காமல் ஆறு கிடா, ஆறு பெட்டை!

ராஜா கொடுத்தார், கம்பெனி வாங்கியது. ஆட்டை வளர்த்தவருக்கு என்ன கிடைத்தது? உழுதவன் கணக்குதான். இன்றும் வாரிய முடியை அப்படியே எடை போட்டு விற்றால் விலை சொல்பவர் வாங்க வருபவரே. முடியைப் பிரித்து, நூற்று, நெய்து, பெரிய நகரத்துக் கண்ணாடி அலமாரிக்குப் போகப் போகத்தான் விலை ஏறுகிறது. லடாக்கின் லே நகரில் மேய்ப்பர்களின் கூட்டுறவுச் சங்கமும் முடி பிரிக்கும் ஆலையும் வந்தது அதனால்தான். கூட்டுறவு என்றாலே கொட்டாவி விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மேய்ச்சல் நிலத்துக்கு வருகிறேன். இதே கம்பளிக்காக ஆடு வளர்க்கும் மங்கோலியாவில் 1990-இல் சுமார் 50 லட்சமாக இருந்த ஆடுகள் பின்னால் இரண்டரைக் கோடியைத் தாண்டின. புல் என்னாகும்? சரி, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நான் ஊர் ஊராகக் கேட்டு வருவது ஒன்றே ஒன்று: சால்வையின் விலைச்சீட்டில் ஆட்டுக்காரருக்குப் போன தொகையையும் அச்சிட வேண்டும். வாசலில் கையெழுத்து நோட்டு இருக்கிறது. பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்; போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போயின.