அக்குளில் வைத்த தெர்மாமீட்டர்

வணக்கம். ஐசியூ வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பார்கள். சில நாள் கழித்து, காய்ச்சல் இறங்கவில்லை, இரத்தத்தில் பூஞ்சை இருக்கிறது என்பார்கள். நமக்குத் தெரிந்த பூஞ்சை படர்தாமரை, அப்புறம் மழைக்காலத்துச் சுவர். அது எப்படி இரத்தத்துக்குள் போகும்?

இந்தப் பூஞ்சை ஈஸ்ட் வகை. பெயர் கேண்டிடா. ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட்டுக்குத் தூரத்துச் சொந்தம். நம் வாயிலும் குடலிலும் எப்போதும் இருப்பதுதான், சும்மா கிடக்கும். ஐசியூவில் நாள்கணக்கில் ஆன்டிபயாடிக் ஏறும்போது குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அழிந்துபோகின்றன. ஈஸ்ட்டுக்குப் போட்டியே இல்லை, பெருகிவிடுகிறது. கழுத்து இரத்தநாளத்தில் மருந்து ஏற்றப் போட்ட குழாயும், வயிற்றில் செய்த அறுவையும் அதற்கு வழி திறந்து விடுகின்றன. அதாவது, நோயாளியின் சொந்த ஈஸ்ட்தான் அவரைத் தாக்குகிறது. பக்கத்துப் படுக்கையிலிருந்து வருவது குறைவு. இப்படித்தான் நாங்கள் படித்தோம், மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தோம்.

அந்தப் பாடத்துக்குள் அடங்காத ஒன்று வந்தது: கேண்டிடா ஆரிஸ். 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து முதன்முதலாக விவரித்தார்கள். 2013இல் டெல்லியில் பூஞ்சை ஆய்வாளர் அனுராதா சௌத்ரியின் குழு, இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளின் இரத்தத்தில் அது இருந்ததை எழுதியது. குடலைவிட தோலில்தான் இதற்குப் பிரியம். பிளாஸ்டிக் மேல் காய்ந்த நிலையிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வழக்கமாகக் கொடுக்கிற ஃபுளூகோனசோல் மருந்து பெரும்பாலும் இதனிடம் பலிப்பதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, படுக்கை விட்டுப் படுக்கை தாவுகிறது. தாவுகிறது என்றேன், அதற்குக் காலா இருக்கிறது? யாரோ, எதுவோ தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

தூக்கிக்கொண்டு போனது எது என்று ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்த கதையை எனக்கு எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது. அங்கே ஒரு பெரிய மருத்துவமனையில், மூளை நரம்பியல் ஐசியூ. 2015இலிருந்து 2017 வரை 70 பேரிடம் ஆரிஸ் இருந்தது. பெரும்பாலானவர்களுக்குத் தோலில் மட்டும்தான். ஆழமாக இறங்கியது 7 பேருக்கு. நோயாளிகளைத் தனியாக வைத்தார்கள், கழுவினார்கள், துடைத்தார்கள். குறையவில்லை. சுவர், தரை, காற்று என்று தேடினால் அங்கே அதிகம் கிடைக்கவும் இல்லை. கடைசியில் அகப்பட்டது என்ன தெரியுமா? அக்குளில் வைத்து உடல் சூட்டைத் தொடர்ந்து பார்க்கிற சின்னக் கருவி. தெர்மாமீட்டர் மாதிரிதான். ஒருவருக்கு வைத்ததைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்கு வைத்தார்கள். துடைக்கவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது, துடைத்தார்கள். துடைத்த பிறகும் அதன் மேல் ஆரிஸ் இருந்தது. மரபணுவைப் படித்துப் பார்த்தால் கருவியில் இருந்ததும் நோயாளிகளிடம் இருந்ததும் ஒன்றே. அந்தக் கருவிகளை ஐசியூவை விட்டு எடுத்த பிறகுதான் புதிய நோயாளிகள் குறைந்தார்கள். புது மருந்து எதுவும் வரவில்லை. ஒரு பொருளை அப்புறப்படுத்தினார்கள், அவ்வளவுதான்.

ஆகவே நான் எந்த மருத்துவமனைக்குப் பேசப் போனாலும் முதலில் கேட்பது, படுக்கைக்குப் படுக்கை போய்வருகிற சாமான்கள் என்னென்ன என்பதுதான். பி.பி. பார்க்கும் பட்டை, ஸ்டெதாஸ்கோப், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப். இரண்டாவது கேள்வி, எதைக் கொண்டு துடைக்கிறீர்கள்? வாசனையாக, நுரை வருகிற சில கிருமிநாசினிகள் ஆரிஸிடம் தோற்றுப்போகின்றன. குளோரின் வேண்டும், அல்லது ஹைட்ரஜன் பெராக்சைடு. அதுவும் போட்டவுடன் காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் பலன் இல்லை. குறிப்பிட்ட நிமிடங்கள் ஈரமாகவே இருக்க வேண்டும். துடைக்கிற ஊழியருக்கு அந்த நிமிடங்களைக் கொடுக்காமல், அடுத்த நோயாளி வந்துவிட்டார் சீக்கிரம் என்று விரட்டினால் பிறகு யாரைக் கேட்பது? கைக்கு மட்டும் சானிடைசர் போதும். ஆல்கஹால் இதைக் கொல்கிறது.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பரிசோதனைக் கூடம் பற்றிச் சொல்ல வந்தேன்: பழைய இயந்திரங்கள் ஆரிஸை வேறொரு ஈஸ்ட் என்று தவறாகச் சொல்லிவிடும், அதற்குள் அது நாலு படுக்கை தாண்டிவிடும். 2022இல் உலக சுகாதார நிறுவனம் இதை மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் சேர்த்திருக்கிறது. அப்புறம் அந்தக் கழுத்துக் குழாய். இன்றைக்கும் அது தேவையா என்று டாக்டர்கள் தினமும் பார்க்க வேண்டும், தேவையில்லை என்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். உங்கள் வீட்டு நோயாளிக்காக நீங்களும் அதைக் கேட்கலாம், தப்பில்லை. வணக்கம்.